நாவும் நாணமும்

நொய்யலாற்றின் கரையில் அமைந்த ஊர் திருப்பூர். காலை எட்டு மணி அளவில் அவ்வூர்த் தெருமுனை ஒன்றில் நின்று, பனியன் கம்பெனிகளை நோக்கி விரையும் மக்களின் பேச்சைச் செவிமடுத்தால் பல மொழிகள் நம் காதில் விழும். கொங்குத் தமிழோடு மதுரைத் தமிழும் நெல்லைத் தமிழும் கலந்து ஒலிக்கும். அப்பகுதி நெசவுக் குடும்பங்களுள் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவோர் பலர் உளர். அவர்கள் தமிழரோடு தமிழராய்ப் பல தலைமுறையாக வாழ்பவர்கள். அண்மைக் காலத்தில் ஒடியா, இந்தி, வங்காளம், அசாமியம், நேபாளி ஆகிய மொழிகளும் பின்னலாடைத் தொழிலை நாடி வந்த மக்களோடு வந்து சேர்ந்தன.

இத்தகைய ஊரில் அயல்மொழி ஒன்றைப் பள்ளியில் கற்கும் சிறுவர் சிறுமியரின் மனம் என்ன பாடுபடுகின்றது என்பதை இங்குச் சிறிது எண்ணிப் பார்ப்போம். மொழிப்பாடம் என்றவுடன் எழுத்து, சொல், இலக்கணம் என்பனவே நம் நினைவிற்கு வருகின்றன. அவற்றைக் கற்பவனுக்கு அச்சமும் நாணமும் உண்டு என்பது நினைவிற்கு வருவதில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றிய யானே இதனை மிகவும் பிந்தித்தான் உணர்ந்தேன். உணர்ந்த வகை எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதனைச் சொல்லாமல் இப்பொருளைப் பற்றிப் பேசுதல் முறையாகாது.

முதலில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தாய் ஒருத்தியின் பேச்சைக் கேளுங்கள். "ஓவர்லாக் முடிஞ்சுதுங்க; பேட்லாக்குக்குத்தான் ஆள் வரலீங்க. ஒன்றரை ஷிப்ட் பார்த்தாத்தான் நாளைக்குச் செக்கிங் போகும்" என்று அவள் இயல்பாகச் சொல்லுவாள். இரண்டு மூன்று சிறு தொடர்களுக்குள் ஆங்கிலச் சொற்கள் நான்கு வந்துவிட்டன. அவள் ஐந்தாம் வகுப்பைக் கடந்தவள் அல்லள். 'பேட்லாக்' என்பது துணியின்மேல் தட்டையான தையல் போடும் எந்திரத்தின் பெயர். 'ஃபிளாட்லாக்' என்பது அதன் மூல உருவம். அது தமிழர் நாவில் உருண்டு திரிந்து 'பேட்லாக்' ஆயிற்று. 'பேட்லாக் டெய்லர் தேவை' என்று கம்பெனிகளின் வாயிலில் எழுதி வைப்பதும் உண்டு. வடசொல் தமிழில் வருங்கால் எவ்வெவ்வாறு திரிந்து வரும் என்பதை நன்னூலார் வகுத்துரைத்தார். அவ்வழியிலே பிறந்த இளம்பிள்ளை இந்தப் 'பேட்லாக்' என்று யான் வகுப்பில் சொல்லுவதுண்டு.

இவ்வளவு எளிதாக அயற்சொல்லை ஆளும் இத்தாயின் மகன், பள்ளியிலே கரும்பலகையில் எழுதப்பட்ட ஓர் ஆங்கிலச் சொல்லைப் படிக்க எழுந்து நின்றால் வாயடைத்து நிற்கின்றான். இஃது ஏன்? மகனுக்கு அறிவு குறைவு என்று சொல்ல முடியாது. தாய்க்கு இல்லாத கல்வி அவனுக்கு உண்டு. கம்பெனியிலே சொல் தனியே வருவதில்லை. எந்திரம் கண்முன் நிற்கின்றது. துணி கையில் இருக்கின்றது. சொல் அவற்றோடு ஒட்டிக்கொண்டு வருகின்றது. ஒலி சற்றே பிழைபட்டாலும் வேலை நடக்கும். எனவே அப்பிழையை எவரும் பொருட்படுத்துவதில்லை. வகுப்பறையிலோ சொல்லுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. சிறுவன் தனியனாய் எழுந்து நிற்கின்றான். நாற்பது முகங்கள் அவனை நோக்குகின்றன. அங்கே பிழைதான் நிகழ்ச்சி.

பல்லடத்தை அடுத்த ஒரு சிற்றூரில் யான் படித்த காலம் நினைவிற்கு வருகின்றது. ஆங்கிலப் புத்தகத்திலே ஒவ்வொரு சொல்லின் அடியிலும் அதன் ஒலியைப் பென்சிலால் தமிழெழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்களிடம் இருந்தது. இன்றும் மாணவர் பலர் இவ்வாறு செய்கின்றனர் என்பதை அறிவேன். ஒருநாள் யான் எழுதி வைக்காத சொல் ஒன்று வந்தது. கத்தியைக் குறிக்கும் சொல் அது. அதன் முதலெழுத்து எழுதப்படுமேயன்றி ஒலிக்கப்படாது என்பதை எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எழுதியிருந்தவாறே 'க்னைஃப்' என்று படித்தேன். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் கொடியவர் அல்லர். "மறுபடி படி" என்றுதான் சொன்னார். மறுபடியும் அவ்வாறே படித்தேன், மறுபடியும் சிரித்தார்கள். மூன்றாம் முறை என் வாயினின்று ஒலி எழவில்லை. அன்று முதல் ஆங்கிலப் பாடவேளை நெருங்கும்போதெல்லாம் எனக்கு வயிறு வலிக்கும். வீட்டார் அதனைப் பொய் வலி என்றனர். அது மெய்யாகவே வலித்தது.

பின்னர்ப் பேரூரிலே புலவர் கல்வி பயின்றேன். தாய்மொழிப் பற்றினாலே தமிழ் பயின்றேன் என்று மேடைகளில் பலமுறை பேசியிருக்கின்றேன். அதில் பாதி உண்மை. மற்றப் பாதி அந்தக் கத்தி.

இவ்வகை இடர்ப்பாட்டினின்று பெரியோரும் தப்பவில்லை. காந்தியடிகள் இராசகோட்டையில் உயர்நிலைப் பள்ளியின் முதலாண்டில் படித்தபோது, கைல்ஸ் என்னும் கல்வி ஆய்வாளர் வந்து மாணவர்களை ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதச் செய்தார். அவற்றுள் ஒன்று, நீர் காய்ச்சும் கலத்தைக் குறிக்கும் 'கெட்டில்' என்னும் சொல். காந்தியடிகள் அதனைப் பிழைபட எழுதினார். பக்கத்து மாணவனின் பலகையைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுமாறு ஆசிரியர் தம் காலணியின் நுனியால் குறிப்புக் காட்டினார். அக்குறிப்புச் சிறுவர் காந்திக்குப் புரியவேயில்லை. முடிவில் அவர் ஒருவரைத் தவிர ஏனையோர் எல்லாரும் ஐந்து சொற்களையும் பிழையின்றி எழுதியிருந்தனர். அடிகளின் நேர்மைக்குச் சான்றாகவே இந்நிகழ்ச்சியை நாம் எடுத்துக்காட்டுவோம், அது தக்கதே. எனினும் அவருடைய தன்வரலாற்றில் அடுத்து வரும் செய்தி ஒன்றையும் நோக்க வேண்டும். நான்காம் வகுப்பிலே பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்தில் நடத்தப்பட்டன. வடிவகணிதம் அவருக்குப் புதிய பாடம், மொழியும் புதிது. திக்குத் தெரியாமல் தடுமாறினார். திருமணத்தால் ஓராண்டை இழந்த அவர், ஒரு வகுப்பைத் தாண்டி மேலே ஏற்றப்பட்டிருந்தார். மூன்றாம் வகுப்பிற்கே திரும்பிவிடலாம் என்று பன்முறை எண்ணினார். ஆயினும் தமக்கும், தம்மை நம்பி மேலேற்றிய ஆசிரியருக்கும் இழுக்காகும் என்று நாணி அங்கேயே இருந்தார். யூக்ளிடின் பதின்மூன்றாம் தேற்றத்தை அடைந்தபோதுதான் அப்பாடத்தின் எளிமை அவருக்குப் புலப்பட்டது. அதற்கு முற்பட்ட பன்னிரண்டு தேற்றங்களையும் அச்சிறுவர் எந்நிலையில் கடந்திருப்பார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வச்சத்தை அறிஞர்கள் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க நாட்டைச் சேர்ந்த எலைன் ஹார்விட்சு என்பவரும் அவருடன் பணியாற்றிய இருவரும், அயல்மொழி வகுப்பிலே மாணவர் கொள்ளும் கலக்கத்தை அளந்தறிய 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை 1986ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கூற்று ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை மாணவரே குறிக்க வேண்டும். பேசும்போது பிற மாணவர் சிரிப்பார்களோ என்னும் அச்சத்தைப் பற்றிய கூற்றும் அவற்றுள் ஒன்று. மற்றொரு செய்தியும் ஆராய்ச்சியாளரால் கூறப்படுகின்றது. புதிய மொழி வழங்கும் இடத்திற்கு வந்து சேரும் குழந்தைகளுள் பலர், சில வாரங்களோ சில திங்களோ வாய் திறவாமல் இருப்பர். அக்காலத்தில் அவர்கள் சும்மா இருப்பதில்லை, செவியால் கற்றுக்கொண்டிருக்கின்றனர். இதனை யான் முன்பே அறிந்திருந்தால், இனிச் சொல்லப்போகும் தவற்றில் பாதியையேனும் தவிர்த்திருப்பேன்.

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளது. தமிழ் கற்பித்தற் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. பத்தாம் வகுப்பு வரையில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்குவது அச்சட்டத்தின் நோக்கம். 2010இல் நடைமுறைக்கு வந்த கல்வியுரிமைச் சட்டம், பள்ளியில் சேராதிருந்த குழந்தையை அதன் வயதிற்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்கின்றது. இவையெல்லாம் நல்லெண்ணத்தின் விளைவுகளே. எனினும் இவற்றின் கூட்டுப்பயனாக, 'அ' என்னும் எழுத்தையும் அறியாத பன்னிரண்டு வயதுக் குழந்தை ஏழாம் வகுப்பிலே வந்து அமர்வதும் உண்டு. தமிழ்ச் சிறுவனுக்கு ஆங்கிலம் ஒன்றே அயல்மொழி. ஒடிசாவினின்று வந்த சிறுமிக்கோ தமிழும் அயல்மொழி; ஆங்கிலமும் அயல்மொழி.

அத்தகைய சிறுமி ஒருத்தி, யான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்னர் என் வகுப்பிற்கு வந்தாள். தந்தை சாயப்பட்டறையில் வேலை செய்தார். தாய் பனியனில் பிசிர் வெட்டும் வேலைக்குச் சென்றாள். லைன் வீடு ஒன்றில் குடியிருந்தனர். வகுப்பு மாணவர் அவளை 'இந்திக்காரப் பொண்ணு' என்றே அழைத்தனர். அவள் தாய்மொழி இந்தியன்று, ஒடியா. நடுவண் அரசு தமிழைச் செம்மொழியென அறிவித்த ஆண்டு 2004. ஒடியாவை அவ்வாறு அறிவித்த ஆண்டு 2014. இச்செய்தியை அறிந்திருந்தும், மாணவர் வழங்கிய பெயரை யான் திருத்தவில்லை.

ஓராண்டுக்குள் அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் நாவில் 'ழ'கரம் வாராது. ஆனால் 'ள'கரம் தெளிவாக வரும். ஒடியா மொழியில் ளகரம் உண்டு. பள்ளியைப் 'பல்லி' என்று சொல்லும் நம் பிள்ளைகள் நடுவே அவள் ஒருத்தியே பள்ளியைப் பள்ளி என்றாள். அதனையும் யான் பாராட்டவில்லை. நன்றாக இருப்பது காதில் விழுவதில்லை, பிழையே விழுகின்றது. ஒருநாள் பெண்கல்வி பற்றிய பாடத்தைப் படிக்குமாறு அவளை எழுப்பினேன். எகர ஏகாரங்களுக்கு இடையே குறில் நெடில் வேறுபாடு ஒடியாவில் இல்லை, இந்தியிலும் இல்லை. ஆதலின் அவள் 'பேண் கல்வி' என்று படித்தாள். ணகரத்தை நன்றாகவே ஒலித்தாள். வகுப்பின் செவியில் மட்டும் அது 'பேன் கல்வி' என்று விழுந்தது. பின்வரிசை மாணவன் ஒருவன் தலையைச் சொறிந்து காட்டினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அத்தோடு நின்றிருந்தால் யான் இதனை இங்கு எழுதியிரேன். "அக்கல்வியும் சிலருக்குத் தேவைதான்" என்று யானும் சொன்னேன். தமிழாசிரியர்க்குச் சிலேடையின்மேல் உள்ள மோகத்தைப் பொல்லாதது என்றே இன்று கருதுகின்றேன். சிரிப்பு இருமடங்காயிற்று.

அவள் அழவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அமர்ந்தாள். அதன்பின் நான்கு திங்கள் வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை. பெயர் கூப்பிட்டால் கையை உயர்த்துவாள். வினாக் கேட்டால் தரையை நோக்குவாள். மந்த புத்தி என்று ஆசிரியர் அறையில் யான் சொன்னதும் உண்டு.

அடுத்த பருவத்தில் தமிழெழுத்துச் சீர்திருத்தம் பற்றி மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது. எகரமும் ஒகரமும் குறிலாயின் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் காட்டும் இலக்கணம். ஆனால் பனையோலையில் எழுத்தாணியை அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும். அதனால் எழுதுவோர் புள்ளியை விட்டுவிட்டனர். 'கெ' என்று எழுதினாலும் 'கே' என்று எழுதினாலும் ஏட்டில் ஒரே உருவந்தான். 'கொடு' என்பதோ 'கோடு' என்பதோ இடம் நோக்கி அறிய வேண்டியதாயிற்று. தாய்மொழியாளராகிய நமக்கு அஃது ஓர் இடராகத் தோன்றவில்லை; நூற்றாண்டுகள் பல அவ்வாறே கழிந்தன. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலி நாட்டினின்று வந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர், நெடிலுக்கு வேற்றுருவம் அமைத்து இக்குழப்பத்தை நீக்கினார் என்பர். 1732இல் சதுரகராதி தந்தவரும் அவரே.

இதனைக் கரும்பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தபோது என் கை நின்றது. எந்த எகர ஏகார வேறுபாட்டிற்காக ஒரு குழந்தையைப் பார்த்து யாம் சிரித்தோமோ, அவ்வேறுபாட்டை நம் ஏடுகளே நெடுங்காலம் காட்டாமல் விட்டிருந்தன. அதனை எழுத்தில் நிலைநாட்டியவர் ஓர் அயலவர். அவரும் தமிழ் கற்கத் தொடங்கிய நாளில் 'பெண்' என்பதைப் 'பேண்' என்று சொல்லியிருக்கக் கூடும். அன்று அவரைப் பார்த்து எவரேனும் பேன் பார்த்துக் காட்டியிருந்தால் என் செய்வது?

யான் சுண்ணக்கட்டியை அச்சிறுமியிடம் நீட்டி, "அம்மா, உன் மொழியில் ஒரு சொல் எழுது. நாங்கள் கற்றுக்கொள்கிறோம்" என்றேன். அவள் எழவில்லை. வகுப்பு அமைதியாயிற்று. யான் என் நாற்காலியை விட்டு இறங்கி முதல் வரிசைப் பலகையில் மாணவரோடு அமர்ந்தேன். நெடுநேரம் கழித்து அவள் எழுந்து வந்து இரண்டு எழுத்துகள் எழுதினாள். தலை வளைந்து உருண்ட எழுத்துகள். ஒடியாவும் ஓலையில் எழுதப்பட்ட மொழி. நேர்க்கோடு கீறினால் ஓலை கிழியும் என்பதால் அவ்வெழுத்துகள் உருண்டன என்பர். எழுதியபின் வீட்டைச் சுட்டும் வகையில் இரு கைகளையும் கூரைபோல் கூட்டிக் காட்டிச் சொல்லை ஒலித்தாள். 'கொரொ' என்பது போல இருந்தது. ஆனால் முதலெழுத்திலே கனத்த மூச்சு ஒன்று கலந்திருந்தது.

"கொரொ" என்றேன் யான். அவள் தலையை அசைத்து மறுத்தாள். மறுபடியும் சொன்னாள். மறுபடியும் "கொரொ" என்றேன். மறுத்தாள். மூன்றாம் முறை சொல்ல வாயெடுத்தபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர்ப் பல்லடத்துப் பள்ளியில் வந்த அதே வெப்பம் என் முகத்தில் ஏறிற்று. செவி கேட்கின்றது, அறிவுக்கும் விளங்குகின்றது, நாவுதான் செல்ல மறுக்கின்றது. அறுபதை நெருங்கிய கிழவனுக்கே அவ்வாறு இருந்தது.

அப்பொழுது அவள் சிரித்தாள். நான்கு திங்களுக்குப் பின் அவள் குரலை அன்றுதான் கேட்டோம். "ஐயா, நீங்க சொல்றது வீடு இல்லை, சேய்!" என்றாள். 'செய்' என்பதையே அவள் அவ்வாறு சொன்னாள். மூச்சுக் கலவாமல் 'கொரொ' என்றால் ஒடியாவில் 'செய்' என்று பொருள் என்பது பிறகுதான் விளங்கிற்று. வீட்டைச் சொல்லப் போய் யான் திரும்பத் திரும்ப ஏவிக்கொண்டிருந்திருக்கின்றேன். வகுப்பு குலுங்கிச் சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்த அச்சிரிப்பில், 'செய்' என்பது 'சேய்' ஆனதை எவரும் கவனிக்கவில்லை. முன்பு தலையைச் சொறிந்து காட்டிய மாணவன் எழுந்து, "நான் சொல்லட்டுங்களா, ஐயா?" என்று கேட்டுத் தானும் முயன்று தோற்றான்.

அதன்பின் அவள் சிறிது சிறிதாகப் பேசத் தொடங்கினாள். ஆண்டுத் தேர்வில் தமிழில் மிகுந்த மதிப்பெண் ஒன்றும் பெற்றுவிடவில்லை, தேறினாள். மறு ஆண்டு பூரி நகரத்துத் தேர்த்திருவிழாவை ஒட்டிச் சொந்த ஊர் சென்ற அக்குடும்பம் திருப்பூருக்குத் திரும்பவில்லை. தந்தைக்கு வேறோர் ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் கூறினர். அவ்வூரில் அவள் எந்த மொழியைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்ததோ!

ஊர் செல்லுமுன் அவள் எனக்கு எழுதித் தந்த தாள் ஒன்று என் தொல்காப்பியப் புத்தகத்தினுள் இருக்கின்றது. ஒடியா நெடுங்கணக்கை வரிசையாக எழுதி, ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் அதற்கு இணையான தமிழெழுத்தைப் பென்சிலால் குறித்திருக்கின்றாள். ககர வரிசையில் நான்கு எழுத்துகள். நான்கின் அடியிலும் 'க' என்னும் ஒரே எழுத்து. அவற்றுள் நான்காவதைச் சுற்றி மட்டும் சிவப்பு மையால் ஒரு வட்டம் இட்டிருக்கின்றாள். பிழைபட்ட சொற்களுக்கு யான் அவள் ஏட்டில் இடும் வட்டம் போலவே அஃது இருக்கின்றது.